நகம் மாட்டினால் விட்டுவிடு

கீறல் என்பது பள்ளம். பள்ளத்தைப் பிடுங்கி வெளியே போட முடியாது. சுற்றியிருக்கும் சாயத்தைப் பள்ளத்தின் அடிவரைக்கும் தேய்த்து இறக்கினால், பள்ளம் இருந்த தடம் தெரியாமல் போகும். கார் பாலிஷ் கடைகள் காலங்காலமாகச் செய்துவருவது இவ்வளவுதான். ஜொகூர் ஜெயாவில் ஒரு தகரக் கொட்டகையில் நான் தொழில் பழகியபோது, கடைக்கார அண்ணன் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வாடிக்கையாளர் காதில் விழும்படி மட்டும் சொல்லமாட்டார். "காசு குடுத்து சாயத்தைக் கரைச்சிட்டுப் போறோம்னு தெரிஞ்சா எவன்டா வருவான்?" என்று சிரிப்பார்.

1990களின் தொடக்கம் அது. எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் சும்மா கிடக்க வேண்டாம் என்று அம்மா என்னை ஜொகூர் பாருவில் இருந்த மாமாவிடம் அனுப்பிவைத்தார். என் வயதுப் பையன்கள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்களும் உண்டு. மாமாவுக்கு இந்த அண்ணனைத் தெரியும். அதனால் எனக்கு வாய்த்தது பாலிஷ் கடை. பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்திலும் விடுமுறை விட்டால் அங்கேதான் போய் நிற்பேன்.

கொட்டகைக்கு ஒட்டினாற்போல ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறை. இடித்து நசுங்கிய கார்களை, எங்கள் பேச்சில் காடிகளை, தட்டி நிமிர்த்திச் சாயம் அடிப்பது அவர் வேலை. சாயம் காய்ந்தபின் மேலே ஒட்டிய தூசியையும் மேடு பள்ளத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை எங்களுக்கு வரும். எங்கள் சோற்றில் பாதி அவர் போட்டது. மீதிப் பாதி சிங்கப்பூர்க்காரர்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் 'எஸ்' எழுத்துப் பலகை போட்ட காடிகள் வரத் தொடங்கும். 1991-லிருந்து டாங்கியில் முக்கால் அளவு பெட்ரோல் இல்லாமல் பாலம் தாண்டக் கூடாது என்று அவர்கள் அரசாங்கம் விதி போட்டிருந்தது. வெறும் பெட்ரோலுக்காக வந்து போவதில் லாபம் இல்லை. ஆகவே கடல் உணவு, முடிவெட்டு, மளிகை, காடி கழுவுவது, பாலிஷ் என்று ஒரு முழு நாளுக்கு வேலை சேர்த்துக்கொண்டு வருவார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் காடியின் தகட்டின்மேல் பொதுவாக நான்கு பூச்சு இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் பாய்ச்சித் தொட்டியில் தோய்த்துப் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தேறும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் இருந்தால் நல்ல கனம். நம் தலைமுடி ஒன்றின் சராசரித் தடிமன் அதைவிட அதிகம். கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுகிற மெல்லிய கீறல்கள் எல்லாம் இந்தக் கிளியரில்தான் கிடக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் இந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. அதை மெலிய வைத்துவிட்டால் நம்மூர் வெயில் சும்மா விடாது. கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டாகக் கிளம்பி, செதில் செதிலாக உரிந்து கிடக்கும் காடிகளை இன்றும் தெப்ராவ் சாலையில் பார்க்கலாம். வயதான காடி என்று நினைப்போம். வயது மட்டும் காரணமாக இருக்காது. மாதம் தவறாமல் பாலிஷ் போட்டு வளர்த்த காடியும் அப்படித்தான் உரியும்.

இதெல்லாம் அன்று எனக்கு எண்களாகத் தெரியாது. அளக்கும் கருவி கடையில் இல்லை. அண்ணனிடம் இருந்தது கட்டைவிரல் நகம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுப்பார். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் வேலை செய்யலாம். மாட்டினால், அந்தக் கீறல் நாம் தேய்த்துப் போக்கக்கூடிய ஆழத்தைத் தாண்டிவிட்டது. "நகம் மாட்டினா விட்ருடா தம்பி. அது நம்ம கேஸ் இல்ல. பக்கத்துல தவுக்கே கேஸ்."

கீறலைப் பார்ப்பதே தனிப் பழக்கம். நீளமான டியூப் லைட் வெளிச்சத்தில் எந்தக் காடியும் சுத்தமாகத்தான் இருக்கும். காடி விற்கும் கூடங்கள் ஏன் அப்படி விளக்குப் போடுகின்றன என்று பிறகு புரிந்தது. அதே காடியைப் பதினோரு மணி வெயிலில் நிறுத்தினால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கான கோடுகள் கிளம்பும். வட்டமாகத் துடைத்ததால் வந்த கோடு என்று பலரும் நம்புகிறார்கள். கோடுகள் உண்மையில் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் ஒளியைச் சுற்றி வட்டம் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். அண்ணன் ஹாலஜன் விளக்கு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்தார். காடி உள்ளே வந்ததும் விளக்கை ஏற்றி, ஒரு கதவுக்கு எவ்வளவு நேரம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்.

கறுப்பு நிறம்தான் எமன். வெள்ளையிலும் வெள்ளியிலும் தெரியாத கோடெல்லாம் கறுப்பில் தெரியும். அப்படி ஒரு கறுப்பு மெர்சிடிஸ் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. உரிமையாளர் சிங்கப்பூர்த் தமிழர், கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். வாரம் தவறாமல் தானே கழுவுவதாகப் பெருமையாகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தானே கழுவும் காடி என்றால் கோடு அதிகம் என்று அர்த்தம்.

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி நேரம் போய்விடும். முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கையால் தொடாமல் இறக்க வேண்டும். பிறகு சோப்பு. அது காய்ந்ததும் அண்ணன் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு பானெட்மேல் தடவுவார். வெறும் விரலுக்கு வழவழப்பாகப் படும் இடம், பைக்குள் இருக்கும் விரலுக்கு நறநறவென்று படும். சாயத்தில் குத்திக்கொண்டு நிற்கும் இரும்புத் தூளும், சாயப் புகையும், தாரும் அது. அதை எடுக்காமல் இயந்திரத்தை வைத்தால் நாமே புதுக் கோடு போட்டுவிடுவோம். பிற்காலத்தில் இதற்கென்றே களிமண் கட்டி கடைகளில் வந்தது. அன்று மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சும் பொறுமையும்தான்.

அடுத்து நாங்கள் தயாராக வேண்டும். இடுப்பு பெல்ட், கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். பொத்தான் வைத்த சட்டை கூடாது. பானெட்மேல் குனியும்போது பெல்ட் பக்கிள் ஒரு முறை உரசினால் அன்றைய கூலி போச்சு. மின்கம்பியை எப்போதும் தோள்மேல் போட்டு முதுகுப் பக்கம் விட வேண்டும், அது சாயத்தில் புரளக் கூடாது. பிறகு பானெட் ஓரம், கதவு விளிம்பு, உடம்பில் ஓடும் கூர்மையான மடிப்பு எல்லாவற்றின்மேலும் மாஸ்கிங் டேப். விளிம்பில் சாயம் எப்போதும் மெல்லிசு. ஈரமாக இருக்கும்போதே அது கூர்முனையை விட்டு விலகிச் சமதளத்துக்குப் போய்விடும். இயந்திரத்தின் அழுத்தமோ விளிம்பில்தான் அதிகம். இரண்டும் சேர்ந்தால் நொடியில் நிறம் போய் பிரைமர் தெரியும்.

அந்த டேப் பிறந்ததே ஒரு சாயப் பட்டறையில் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை 1921-ல் கொண்டுவந்தது. நாங்கள் வாட்டர் பேப்பர் என்பது அதைத்தான். அந்தத் தாளைச் சோதித்துப் பார்க்கப் பட்டறைக்குப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரட்டை நிறக் கார் அடிக்கும் தொழிலாளிகள் ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது சாயமும் சேர்ந்து உரிய, வாயில் வந்தபடி திட்டுவதைக் கேட்டார். 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. திட்டு வாங்கிப் பிறந்த பொருள் என்பதால்தானோ என்னவோ, எங்கள் கடையிலும் டேப் ஒழுங்காக ஒட்டாதவனுக்குத்தான் அதிகத் திட்டு.

மகிடா இயந்திரம், நல்ல கனம். நிமிடத்துக்கு 600-லிருந்து 3000 சுற்று வரை ஓடும். அண்ணன் 1500-ஐத் தாண்டவிட மாட்டார். கம்பளி வட்டை லேசாக ஈரப்படுத்தி, கம்பவுண்டைப் பானெட்மேல் நான்கைந்து பொட்டாக வைப்பார். முதலில் வேகம் குறைத்துப் பரத்துவார். பிறகு வேகத்தைக் கூட்டி, முதலில் இடம் வலமாக, அடுத்து மேலும் கீழுமாக, முந்திய தடத்தில் பாதியை மூடியபடி நகர்த்துவார். அமுக்க மாட்டார். இயந்திரத்தின் எடையே போதும். கம்பவுண்டில் இருக்கும் அலுமினிய ஆக்ஸைடு துகள்கள் தேய்க்கத் தேய்க்க நொறுங்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வகை. பாதியில் நிறுத்தினால் பெரிய துகள் போட்ட கோடு அப்படியே நிற்கும். காய்ந்தபின்னும் தேய்த்தால் சூடேறிச் சாயம் இளகும். எங்கே நிறுத்துவது என்று அவருக்கு ஓசையிலேயே தெரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போது ஒருவித ஓசை, காயத் தொடங்கியதும் சற்றே உயர்ந்த இன்னொரு ஓசை. ஒவ்வொரு சுற்றுக்கும் புறங்கையைச் சாயத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். புறங்கை பொறுக்கும் சூடு என்றால் சரி. பம்பர் பக்கம் வந்தால் இன்னும் கவனம். தகடு சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, சூடு அங்கேயே நின்று சாயத்தைக் கருக்கும்.

கம்பளி வட்டு கீறலைப் போக்கும். போக்கிவிட்டுத் தன் தடத்தை வைத்துவிட்டுப் போகும். வெயிலில் பார்த்தால் இயந்திரம் போன பாதையெல்லாம் நிழலாட்டமாகத் தெரியும். அதைப் போக்க ஸ்பாஞ்சு வட்டும் மெல்லிய பாலிஷும் வேண்டும். அவசரக் கடைகள் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. எண்ணெய்ப் பசையும் மெழுகும் கலந்த எதையாவது பூசி, கோடுகளை அடைத்துப் பளபளவென்று ஓட்டி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு கோடெல்லாம் திரும்பிவரும். அண்ணன் ஒரு துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, பாலிஷ் போட்ட இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்வார். எண்ணெய் போன பின்னும் கோடு தெரியவில்லை என்றால்தான் வேலை முடிந்தது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

மெர்சிடிஸுக்கு வருவோம். பானெட்டும் கூரையும் கண்ணாடியாகிவிட்டன. ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும், கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. யாரோ சாவியால் இழுத்தது. நகம் மாட்டியது. அண்ணன் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கோட்டின் இரு கரைகளையும் கொஞ்சமாக மழுக்கினார். கரை மழுங்கினால் வெளிச்சம் அதில் தெறிக்காது. பாலிஷ் போட்டபின், நாலடி தள்ளி நின்று பார்த்தால் கோடு இல்லை, குனிந்து பார்த்தால் உண்டு. உரிமையாளர் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சா முழுசா போயிடும் இல்ல அண்ணே?"

"போயிடும் சார். கோடும் போயிடும், கலரும் போயிடும்."

அவர் சமாதானம் ஆகவில்லை. சில வாரங்கள் கழித்து அதே காடி வந்தது. இடையில் வேறு ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே கோட்டை முழுசாகப் போக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். கதவின் மடிப்பு ஓரத்தில் ஒரு விரலகலத்துக்குச் சாம்பல் நிறத் தடம். நிறத்தையும் தாண்டி பிரைமர் வரைக்கும் போய்விட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. காடியை அப்படியே பக்கத்துப் பட்டறைக்கு ஓட்டச் சொன்னார். கதவு முழுவதும் புதுச் சாயம். தவுக்கேவுக்கு நல்ல வரும்படி.

சிங்கப்பூர்க்காரர்கள் அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 1990-ல் அங்கே காடி வாங்க உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. அது பத்து வருடத்துக்குத்தான். மறுபடி காசு கட்டி நீட்டிக்கலாம், ஆனாலும் பலர் பத்தாவது வருடத்தோடு காடியைக் கைகழுவிவிடுவார்கள். பத்து வருடம் மட்டுமே வாழப்போகிற காடிக்குச் சாயத்தைச் சிக்கனம் பிடித்து யாருக்கு என்ன லாபம்? இந்தக் கரையில் கதை வேறு. இங்கே காடிக்கு வயது வரம்பு இல்லை. அப்பன் ஓட்டியதை மகன் ஓட்டுவான், அவன் தம்பி ஓட்டுவான். ஒரே நீரிணையின் இரு கரையிலும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே சாயம். ஆனால் எவ்வளவு தேய்க்கலாம் என்ற கணக்கு மட்டும் வேறு. அண்ணன் பலகையின் முதல் எழுத்தைப் பார்த்தே கை வைப்பார். 'ஜே', அதாவது ஜொகூர்க் காடி என்றால் கம்பவுண்டைத் தொடாமல், மெல்லிய பாலிஷிலேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவோடு விட்டுவிடுவார். "இவனுக்கு இன்னும் இருபது வருசம் ஓடணும்லா."

அந்த 'ஜே' காடிகளில் ஒன்று எங்கள் தோட்ட அலுவலகக் கிராணியின் புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9-ஆம் தேதி அன்றைய பிரதமர் மகாதீர் சாகாவை அறிமுகப்படுத்தியபோது நான் பள்ளிக்கூடப் பையன். நம் நாட்டுக் காடி என்று தோட்டத்தில் ஒரே பேச்சு. அதற்கு அடுத்த ஓரிரு வருடத்தில் கிராணி ஒரு சிவப்பு சாகா வாங்கினார். தோட்டத்துக்குள் மண் சாலை. எண்ணெய்ப் பனைக்கு இடையே போகும்போது இரு பக்கமும் லாலாங் புல் கதவை உரசும். லாலாங் இலையின் ஓரத்தில் சிலிக்கா உண்டு, கையை அறுக்கிற அதே ஓரம் கிளியரையும் அறுக்கும். தோட்டத்துக் காடிகளின் பக்கவாட்டில் கிடைமட்டமாக, நீள நீளமாகக் கோடு இருக்கும். நகரத்துக் காடியையும் தோட்டத்துக் காடியையும் நான் கோட்டை வைத்தே சொல்லிவிடுவேன்.

கிராணி என் பேச்சைக் கேட்டு சாகாவை ஜொகூர் ஜெயாவுக்குக் கொண்டுவந்தபோது அது சிவப்பாக இல்லை. ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. அந்தக் காலத்துத் தனி நிறச் சாயங்கள் பலவற்றில் மேலே கிளியர் கிடையாது. நிறம் நேரடியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணன் இயந்திரத்தை எடுக்காமல் ஒரு துணியையும் கொஞ்சம் கம்பவுண்டையும் என் கையில் கொடுத்து, பின்பக்க பூட் மூடியின் மூலையில் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். துணி சிவப்பாகிவிட்டது. தேய்த்த இடத்தில், கடையில் வாங்கிய அன்றைய சிவப்பு. கிராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தோட்டத்தில் யாரையும் உட்காரச் சொல்லாத மனிதர். அன்று எங்கள் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

அண்ணன் அந்தத் துணியைக் கசக்கித் தண்ணீரில் அலசாமல், ஒரு ஆணியில் மாட்டிவைத்தார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவார். "கிளியர் போட்ட காடியில தேய்ச்சா துணி வெள்ளையாவே இருக்கும். ஒண்ணும் போகலன்னு நினைச்சிக்காதீங்க. இதே அளவு போகுது. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்." எனக்குத் தெரிந்து அந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அதுதான். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கீறல் எங்கிருந்து வருகிறது? சாவியும் சந்தைத் தள்ளுவண்டியும் சொற்பம். பாலத்தில் காத்துக்கிடக்கும் காடிகளுக்கு இடையே மோட்டார் சைக்கிள்கள் நுழையும்போது கைப்பிடி உரசிவிட்டுப் போவதும் உண்டு. அவையெல்லாம் ஆழக் கோடுகள், எண்ணிக்கையில் குறைவு. ஆயிரக்கணக்கில் கிடக்கும் மெல்லிய கோடுகளைப் போடுகிறவர் உரிமையாளரேதான். காலையில் எழுந்ததும் புலு ஆயாம் எடுத்து, அதாவது அந்தக் கோழி இறகுத் துடைப்பத்தை எடுத்து, காய்ந்த தூசியைத் தட்டிவிடுகிறாரே, அப்போது விழுகிறது கோடு. தூசியில் இருப்பது மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, எஃகையே கீறும் கடினம். இறகு மிருதுதான், அது இழுத்துக்கொண்டு போகும் மணல் மிருது இல்லை. அடுத்த குற்றவாளி, சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைக் 'குட் மார்னிங்' துண்டு. கழுத்தைத் துடைக்க அதைவிட நல்ல துண்டு கிடையாது. அதையே தோளிலிருந்து எடுத்து, கீழே விழுந்தால் ஒரு உதறு உதறி, கதவைத் துடைப்பார்கள். ஸ்நோ வாஷ் கடைகள் வந்தபின் நுரை பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் சில இடங்களில் சக்கரத்தைத் தேய்த்த ஸ்பாஞ்சே கூரைக்கும் ஏறுவதை நின்று பார்த்திருக்கிறேன்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. புதுக் காடி எடுத்ததும் கோயிலுக்குப் போகிறோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், கூடவே மாலை. சாமி காரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் கூத்து. வெயிலில் காய்ந்து ஒட்டிப்போன சந்தனத்தையும் திருநீற்றையும் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து எடுக்கிறோம். பித்தளை விளக்கைத் துலக்கத் திருநீறு எடுத்த பாட்டிகளுக்குத் தெரியும் அது என்ன வேலை செய்யும் என்று. தைப்பூசம் முடிந்த வாரத்தில் பானெட்டின் நடுவில் மூன்று பட்டை அகலத்துக்கு மங்கலான தடத்தோடு புதுக் காடிகள் வரும். அண்ணன் சிரித்துக்கொண்டே, "முருகா, சோறு போட்டுட்ட" என்பார்.

இப்போது கடை அண்ணனின் மகன் கையில். போன வருடம் என் மைவி காடியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. மகிடா ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. வட்டு சுற்றிக்கொண்டே அசையவும் செய்யும் இருவழி இயந்திரம்தான் இப்போது வேலை செய்கிறது. அமுக்கினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் புதுப் பையன் கையில் கொடுத்தாலும் சாயத்தைச் சுட்டுவிட மாட்டான். மகன் முதலில் எடுத்தது கைக்கு அடக்கமான ஒரு கருவி. சாயத்தின்மேல் வைத்தால் கனத்தை மைக்ரானில் காட்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பழைய வீரா காடியில் வைத்துக் காட்டினான். கதவில் 110. கூரையில் 70-க்கும் கீழே. "பாருங்க சார், எத்தனை கடைல தேய்ச்சிருக்காங்கன்னு தெரியுதா? இதைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். மெழுகு மட்டும் போட்டுத் தரேன்." நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையாட்டினார். நகத்தால் பார்த்ததை மகன் எண்ணால் பார்க்கிறான், முடிவு ஒன்றுதான். பிளாஸ்டிக் பம்பரில் அந்தக் கருவி வேலை செய்யாது, தகடு வேண்டும். அங்கே இன்னமும் நகமும் புறங்கையும்தான்.

செராமிக் பூச்சு பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. 9எச் கடினம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பென்சில் அளவு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மாணிக்கக்கல்லுக்கு மோஸ் அளவில் உள்ள 9 இது என்று நினைத்து ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டுகிறார்கள். அந்தப் பூச்சு அழுக்கை ஒட்டவிடாது, கழுவுவது சுலபம், பறவை எச்சம் கொஞ்சம் தாமதமாகச் சாயத்தைத் தின்னும். நல்ல பொருள்தான். மணலை மட்டும் அது தடுக்காது. கீறல் விழாமல் இருக்க வேண்டுமானால் ஒட்டும் படலம் போடலாம், மெல்லிய கோடு விழுந்தாலும் வெயில் சூட்டில் அது தானே ஆறிக்கொள்ளும். விலைதான் கையைக் கடிக்கும். தானே ஆறும் சாயத்தை நிஸான் நிறுவனம் 2005-லேயே கொண்டுவந்தது. இருபது வருடம் ஆகியும் நம் தாமானில் நிற்கும் சாதாரணக் காடிகளுக்கு அது வந்து சேரவில்லை. அதுவரை, இருக்கிற கிளியரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். புலு ஆயாமைச் சாமி அலமாரிக்குக் கொடுத்துவிடுங்கள். கோயிலிலிருந்து வந்ததும் பானெட்மேல் துணியை வைக்காதீர்கள். குழாயைத் திறந்து, திருநீறு தானே கரைந்து ஓடும்வரை தண்ணீர் விடுங்கள். வெயிலில் நின்று பார்த்தால் மட்டும் தெரிகிற கோட்டுக்காக வருடாவருடம் பாலிஷ் கடைக்கு ஓடாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் சாயத்தின் கனத்தை உங்கள் கண்முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் தேய்க்கிற கடையில் காடியை விடாதீர்கள்.